வேதத்தில் சொல் தேடுவது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை வேதபாட வகுப்புகளுக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கும் குறைவில்லை. வருகிறவர்களில் பலர் செல்போனில் பைபிள் செயலி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு சொல்லை முழுமையாகத் தேடி எடுக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அரைகுறைத் தேடலை நம்பி, "இந்தச் சொல் வேதத்தில் இத்தனை இடத்தில்தான் வருகிறது" என்று பிரசங்கம்வரை போய்விடுவது வேதனையான விஷயம்.

கோளாறு தேடல் பெட்டியிலேயே தொடங்குகிறது. தமிழில் உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி மாறிவிடும். 'விசுவாசம்' என்று தேடினால் 'விசுவாசத்தினாலே', 'விசுவாசித்து' எதுவும் சிக்காது. 'விசுவாச' என்று மட்டும் அடிக்க வேண்டும். 'அன்பு' என்பதற்கு 'அன்ப' என்று அடித்தால் 'அன்பினால்', 'அன்பாயிருந்து' எல்லாம் வந்துவிடும்; இன்றைய கணினி எழுத்துமுறையான யூனிகோடில் உயிர்க்குறி மெய்யை அடுத்துத் தனிக் குறியீடாக நிற்பதே காரணம். 'வீட' என்று தேடினால் 'வீடு', 'வீட்டில்' இரண்டும் கிடைக்கும். முழுச்சொல் தேடல் என்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். 'அவிசுவாசம்' போன்றவையும் கூடவே வரும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளில் இந்த முறை பலிக்காது.

இவ்வளவும் செய்தால் தமிழ்ச் சொல் வரும் இடங்கள் கிடைக்கும். அதற்கு மூலமான எபிரெய, கிரேக்கச் சொல் வரும் இடங்கள் வேறு. அதற்குத்தான் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுக்கப்பட்ட ஸ்ட்ராங் எண்கள். 1890-இல் வெளிவந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதி (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூல்), கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளை வைத்துச் செய்தது. எபிரெயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் அதில் எண்கள் உண்டு. ஈ-ஸ்வோர்ட், புளூ லெட்டர் பைபிள் போன்ற இலவசக் கருவிகளிலும் இந்த எண்கள் இருக்கின்றன.

ரூத் 3:10-ஐ எடுத்துக்கொள்வோம். புரொட்டஸ்டன்ட் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் போவாஸ் ரூத்தின் 'நற்குணத்தை'ப் புகழ்கிறார். எண்ணுள்ள கிங் ஜேம்ஸில் அதே வசனத்தைத் திறந்து அந்தச் சொல்லைத் தொட்டால் எபிரெயம் 2617, 'ஹெசெத்' என்று வரும். அந்த எண் வரும் எல்லா வசனங்களையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றையும் தமிழில் பாருங்கள். சங்கீதம் 136-இல் அதுவே 'கிருபை'. ஓசியா 6:6-இல் 'இரக்கம்'. ராயபுரத்துக் கத்தோலிக்கர் கையிலுள்ள திருவிவிலியத்தில் அதே 136-ஆம் திருப்பாடலில் 'பேரன்பு'. தமிழ்ச் சொல்லை மட்டும் தேடுகிறவருக்கு இந்த நான்கும் உறவு என்றே தெரியாது.

சறுக்கும் இடங்களும் உண்டு. எபிரெயமா கிரேக்கமா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால், கிரேக்கம் 2617 'வெட்கப்படுத்துதல்' என்ற வேறொரு சொல்லில் கொண்டுபோய் விடும். எபிரெய பைபிளில் பல சங்கீதங்களின் தலைப்புக்கும் வசன எண் உண்டு. நம் 51:1 அங்கே 51:3. ஸ்ட்ராங்கின் அகராதிப் பதிவின் கடைசியில், கோட்டுக்குப் பிறகு வரும் பட்டியல் கிங் ஜேம்ஸ் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் பெயர்த்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. அத்தனை பொருளையும் ஒரே வசனத்தில் ஏற்றுவது தவறு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'அகபே' என்றால் தெய்வீக அன்பு, 'பிலியோ' என்றால் மனித அன்பு என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பிதா குமாரனில் அன்பாயிருப்பதை யோவான் 3:35 முதல் சொல்லின் வினைவடிவமான 'அகபாவோ'வால் (கிரேக்கம் 25) சொல்கிறது. 5:20 அதையே 'பிலியோ'வால் (கிரேக்கம் 5368) சொல்கிறது. எண் கையில் இருக்கும்போது இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். பொருளை முடிவுசெய்வது வாக்கியம்தான், அகராதி அல்ல.

பக்கத்து வேப்பேரியில் ஜெர்மன் மிஷனரி பப்ரிஷியஸ் வேதத்தையும் மொழிபெயர்த்தார், 1779-இல் தமிழ்-ஆங்கில அகராதியும் அச்சிட்டார். அந்த ஊர்க்காரர்களான நம் சபைகளின் வாசிப்பறைகளில் ஒரு தமிழ் ஒத்தவாக்கிய அகராதி, ஒரு ஸ்ட்ராங், இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒரே மேசையில் இருக்க சபைக் கமிட்டிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். தமிழ் அகராதி வாங்கும்போது அது எந்த மொழிபெயர்ப்புக்கானது என்று முன்பக்கத்தில் பார்த்து வாங்குங்கள். பழைய மொழிபெயர்ப்புக்கான அகராதியில் 'பேரன்பு' என்று தேடி, திருவிவிலியத்தின் வசனங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள்,
ராயபுரம், சென்னை - 600 013