எட்டாம் எண் சட்டைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்பார்ந்த எல்லோருக்கும்,

பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியில் எட்டாம் எண் சட்டை அணிந்து ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவராக, ஆடிய கேல் ரிப்கன், ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து ஆடி லூ கெரிக்கின் பழைய சாதனையை முறியடித்த 2,131ஆவது ஆட்டம் நடந்து 30 ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. உங்களில் அநேகமாக யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் மனமுருகி நன்றி சொல்ல எனக்குத் தாய்மொழிதான் வாய்க்கிறது.

முதல் நன்றி, அரங்கில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு. மேரிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு பேஸ்பால் ஒன்றும் விளங்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து, நீங்களாகவே உங்கள் ஸ்கோர் அட்டையை என் மடியில் வைத்தீர்கள். களத்தில் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு, ஷார்ட்ஸ்டாப்பின் எண் 6 என்று பென்சிலால் தட்டிக் காட்டினீர்கள். 6-4-3 என்று நீங்கள் எழுதினால், ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிய, அது அங்கிருந்து முதல் பேஸுக்குப் பறந்து, இருவர் ஆட்டமிழந்தார்கள் என்று பொருள். மூன்று இலக்கங்களில் ஒரு முழுக் காட்சி! பிறகு களத்தைக் காட்டி, பந்தைப் பார்க்காதே, பந்து வருவதற்கு முன் அவர் எங்கே நகர்கிறார் என்று பார் என்றீர்கள். அன்றிலிருந்துதான் எனக்கு ரிப்கன் தெரியத் தொடங்கினார். எறிபவர் எந்தப் பந்தை எறியப்போகிறார், அடிப்பவரின் பழக்கம் என்ன என்று கணக்குப் போட்டு, இரண்டடி முன்னதாகவே நகர்ந்து நிற்பார். அதனால் பாய்ந்து விழுந்து பிடிக்க வேண்டிய அவசியமே அவருக்குப் பெரும்பாலும் வராது. 1990இல் அந்தப் பருவம் முழுவதும் அவர் செய்த பிழைகள் மூன்றே மூன்று.

அவரை அந்த இடத்தில் நிறுத்திய மேலாளர் எர்ல் வீவருக்கு என் வணக்கம். அந்தக் காலத்தில் ஷார்ட்ஸ்டாப் என்றால் சின்ன உடம்பும் வேகமான கால்களும் உள்ளவரைத்தான் தேடுவார்கள். ஆறடி நான்கு அங்குல இளைஞரை 1982 ஜூலை 1 அன்று மூன்றாம் பேஸிலிருந்து அங்கே மாற்றும் துணிச்சல் உங்களுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு அவர் லீகின் மிக மதிப்புமிக்க வீரர். அணி, அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. கடைசிப் பந்தைப் பிடித்ததும் அவர் கைதான். பின்னால் வந்த உயரமான ஷார்ட்ஸ்டாப்களுக்கெல்லாம் அன்றுதான் வழி திறந்தது என்று நான் நம்புகிறேன்.

மூத்த ரிப்கன் ஐயா, உங்களைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. ஓரியோல்ஸ் என்ற இந்த ஒரே அமைப்புக்காக 36 ஆண்டுகள் உழைத்தவர் நீங்கள். 1987இல் மேலாளராக இருந்தபோது, 8,243 இன்னிங்ஸ் இடைவிடாமல் களத்தில் நின்ற மகனை நீங்களே வெளியே அழைத்து உட்கார வைத்தீர்கள். பிள்ளையின் சாதனை பெரிதாகிக்கொண்டே போகும்போது, போதும் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? மறு ஆண்டு, முதல் ஆறு ஆட்டங்களில் தோற்றதும் உங்களைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்த வேதனைக்குப் பிறகும் உங்கள் மகன் அதே அணியில்தான் ஆடினார். 21 பருவங்கள், 3,001 ஆட்டங்கள், ஒரே அணி. நீங்கள் ஊர் ஊராகப் போயிருந்த நாட்களில் நான்கு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிய வயலட் அம்மாவுக்கும் இதில் சம பங்கு உண்டு.

ரிப்கனின் அணித்தோழராக இருந்த எட்டி மரே அவர்களே, தன் சாதனை இரவில் ரிப்கன் தனித்துப் பெயர் சொல்லி நன்றி கூறிய நால்வரில் பெற்றோரும் மனைவியும் போக மீதமிருந்தவர் நீங்கள். அன்றாடம் களமிறங்கி ஆடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தவர் நீங்கள்தான் என்றார்.

மற்ற அணிகளில் இருந்தவர்களை எப்படி மறப்பேன்? தொடர்ந்து 2,215 ஆட்டங்கள் ஆடிய தன் சாதனையை ரிப்கன் கடப்பதைக் காண, ஜப்பானிலிருந்து 1996இல் கான்சாஸ் சிட்டிக்கே வந்து வாழ்த்தினார் ஜப்பானிய வீரர் சச்சியோ கினுகாசா. 1998 செப்டம்பர் 20 அன்று, 2,632 ஆட்டங்களுக்குப் பிறகு ரிப்கன் தாமாகவே ஓய்வெடுத்துக்கொண்டார் என்று தெரிந்ததும், அன்றைய எதிரணியான யாங்கீஸின் வீரர்கள் எழுந்து முன்னால் வந்து கை தட்டினார்கள். நட்சத்திர வீரர்கள் ஆடும் 2001 ஆல்ஸ்டார் ஆட்டத்தில், மூன்றாம் பேஸில் நிற்க வந்த ரிப்கனை அலெக்ஸ் ரோட்ரிகஸ் பிடித்துத் தள்ளாத குறையாகத் தன் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு அனுப்பினார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவருக்கு என் தனி நன்றி.

மறுபடியும் பெரியவரிடமே வருகிறேன். 1995 செப்டம்பர் 6 அன்று எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. நீங்கள் உங்கள் வீட்டுக்கு அழைத்தீர்கள். முந்தைய ஆண்டில் வீரர்கள் செய்த வேலைநிறுத்தத்தால் உலகத் தொடரே நின்றுபோன கோபம் அப்போது உங்களுக்குள் ஆறாமல் இருந்தது. பேஸ்பாலை இனிப் பார்ப்பதில்லை என்றுகூடச் சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் தொலைக்காட்சி முன் அட்டையோடும் பென்சிலோடும் உட்கார்ந்திருந்தீர்கள். நான்காம் இன்னிங்ஸில் ரிப்கன் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடித்தார். அட்டையின் கட்டத்துக்குள் இருந்த சிறிய வைர வடிவத்தை அழுத்தி அழுத்திக் கருப்பாக்கினீர்கள். ஐந்தாம் இன்னிங்ஸின் முதல் பாதி முடிந்து ஆட்டம் கணக்கில் சேர்ந்ததும், அரங்கை ஒட்டிய செங்கல் கிடங்குச் சுவரில் 2,130 என்ற எண் 2,131 ஆக மாறியது. கைதட்டல் 22 நிமிடம் ஓயவில்லை. சக வீரர்கள் தள்ளிவிட, ரிப்கன் அரங்கைச் சுற்றி ஓடி, ரசிகர்கள், காவலர்கள், மைதானப் பணியாளர்கள், எதிரணியினர் என்று ஒருவர் விடாமல் கை குலுக்கினார். மேலே கண்ணாடி அறையில் மூத்த ரிப்கன் நின்றிருந்தார். மகன் அண்ணாந்து பார்த்தபோது, பெரியவரே, நீங்கள் உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

இன்று நீங்கள் இல்லை. அன்று புறப்படும்போது நீங்கள் என் கையில் கொடுத்த அந்த அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஐந்தாம் இன்னிங்ஸின் முதல் பாதிக்குப் பிறகு அதில் ஒரு கோடுகூட இல்லை.

மாறாத நன்றியுடன்,
மேரிலாந்திலிருந்து ஒரு ரசிகன்