ஒரகடத்தில் வேலை செய்யும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதிய துண்டறிக்கையைப் படித்தேன். 'இந்திய முதலாளிகள் அத்தனை பேரும் அந்நியனின் தரகர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். உன் கோபம் நியாயமானது. அந்த வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

தரகர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். பச்சையப்ப முதலியார் உட்படப் பலர் வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷிகளாக, அதாவது மொழிபெயர்த்து வியாபாரம் முடித்துக் கொடுக்கும் இடைத்தரகர்களாக இருந்துதான் செல்வம் சேர்த்தார்கள். ஆனால் 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் போட்டவர்களில் உள்ளூர் வணிகர்களும் உண்டு. தன் சந்தையை அந்நியன் மறித்தால் உள்நாட்டு முதலாளியும் மோதத்தான் செய்வான். எதுவரை மோதுவான் என்பதே கேள்வி. 1908-இல் வ.உ.சி. வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார், சிறை சென்றார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். மோதல் அதோடு நின்றது.

சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் இதே இழுபறிதான். டாட்டாவும் பிர்லாவும் 1944-இல் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கென்று பம்பாய்த் திட்டம் தீட்டியபோது அரசே கனரகத் தொழிலுக்கு அடித்தளம் போட வேண்டும் என்றார்கள். அதைச் செய்யும் அளவுக்குப் பணம் அவர்களிடம் இல்லை. அந்நியப் போட்டியைத் தடுக்க அரசின் காப்பும் தேவைப்பட்டது. நம் எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்ஸ் முதலீட்டோடு அசோக் லேலண்ட் ஆனது. டி.வி.எஸ். 1980களில் சுசுகியோடு கூட்டு வைத்துத் தொழில்நுட்பம் கற்றது. 2001-இல் பிரிந்து சொந்த வண்டியை இறக்கியது. இதைத் தரகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் 1993-இல் தம்ஸ் அப் குளிர்பானத்தைக் கோகோ கோலாவுக்கு விற்றதும் ஓர் இந்திய முதலாளிதான். அதே ஆண்டு, அந்நிய நிறுவனங்களோடு சமமாகப் போட்டியிட வாய்ப்பு வேண்டும் என்று பம்பாய் கிளப் என்று பெயர் பெற்ற இந்தியத் தொழிலதிபர்கள் குழு குரல் கொடுத்தது. தொழில்நுட்பமும் கடனும் சந்தையும் யார் கையில் இருக்கின்றனவோ, அதைப் பொறுத்து இவர்கள் நிற்கும் இடம் மாறுகிறது.

நீ தினமும் பார்ப்பதை எடுத்துக்கொள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலு லேத்து வைத்துக் கார் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பவரும் முதலாளிதான். வரைபடம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. விலையைக் கார் கம்பெனி சொல்கிறது, வருஷா வருஷம் குறைக்கச் சொல்கிறது. இவர் எதிர்த்துப் பேச முடியாது. ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். அந்தக் குறைப்பைக் கான்ட்ராக்ட் தொழிலாளியின் கூலியிலும், அப்ரண்டிஸ் என்ற பெயரில் நிரந்தரத் தொழிலாளியின் வேலையைப் பார்க்கும் பையனின் முதுகிலும் இறக்குகிறார். மறைமலை நகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த உதிரிபாகப் பட்டறைகளும் அடி வாங்கின. இந்தப் பட்டறை முதலாளியைத் தரகர் என்று திட்டினால் அவருக்கும் புரியாது, அவரிடம் வேலை பார்ப்பவனுக்கும் புரியாது.

அவரைத் தோழர் என்று நம்பி உன் சங்கத்தை அவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. கூலி கேட்டால் அவரும் கேட்டைப் பூட்டுவார், கார் கம்பெனியும் பூட்டும். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் சண்டையே கிடையாது. ஆனால் விலைக்குறைப்பு நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும். அடுத்த அறிக்கையில் அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டு, ஒரு உதிரிபாகத்துக்குக் கார் கம்பெனி என்ன விலை தருகிறது, அதில் கூலி எவ்வளவு என்று விசாரித்து எழுது. கணக்குப் போடும்போது கூப்பிடு, நானும் வந்து உட்காருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
பெரம்பூர், சென்னை