எடைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார்கள் புது எஞ்சினும் புதுத் திரையுமாகத் திரும்பி வருவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்எஸ்எக்ஸ், ஆல்பைன் ஏ110 மூன்றையும் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தியிருந்தீர்கள். அதில் ஆல்பைன் கடைசிக்குப் போய்விட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய காருக்கு மறுபடி உயிர் கொடுக்கும் வேலையை இந்த மூவரில் சரியாகச் செய்தது ஆல்பைன்தான்.

பழைய ஏ110 எப்படிப்பட்ட வண்டி என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் தியெப் என்ற ஊரில் ரெனால்ட் கார் விற்றுக்கொண்டிருந்த ழான் ரெதெலே தொடங்கிய கம்பெனிதான் ஆல்பைன். அந்தக் காரில் நடுவில் ஒரு எஃகுக் குழல், மேலே கண்ணாடியிழை பாடி, பின்னால் ரெனால்ட் எஞ்சின், அவ்வளவுதான். மொத்த எடையே சுமார் 700 கிலோ. அந்த வண்டிதான் 1973-இல் முதன்முதலாக நடந்த உலக ராலி சாம்பியன்ஷிப்பைத் தட்டிச் சென்றது. பெரிய எஞ்சினை நம்பி ஜெயித்த கார் அல்ல அது. 1977-இல் தயாரிப்பு நின்றது.

2017-இல் புதிய ஏ110 வந்தபோது அதைச் செய்தவர்கள் எடைக் குறைவு என்ற இந்த ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பாடி அலுமினியம். ஒரு சீட்டின் எடை 13.1 கிலோ. ஹேண்ட்பிரேக்கைப் பாருங்கள்: மின்சாரத்தில் பிடிக்கிற ஹேண்ட்பிரேக்குக்குப் பின்சக்கரத்தில் தனியாக ஒரு சின்ன காலிப்பர் (பிரேக் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) வைப்பது இந்த மாதிரிக் கார்களில் வழக்கம். ஆல்பைனுக்காக பிரெம்போ என்ற பிரேக் கம்பெனி கால் பிரேக், ஹேண்ட்பிரேக் இரண்டையும் ஒரே காலிப்பரில் சேர்த்துக் கொடுத்தது. அதில் மிச்சமானது 2.5 கிலோ. இப்படிக் கிலோ கிலோவாகக் கழித்துக்கொண்டே வந்துதான் வண்டியைச் சுமார் 1,100 கிலோவில் நிறுத்தினார்கள். அதையும் பழைய தியெப் தொழிற்சாலையிலேயே செய்தார்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஆல்பைனுக்கு 252 குதிரைத்திறன், சுப்ராவுக்கு 340. ஆனால் சுப்ராவின் எடை ஏறக்குறைய 1,500 கிலோ. டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் 230-ஐ ஒட்டித்தான் வரும். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆல்பைனுக்கு 4.5 வினாடி, சுப்ராவுக்கு 4.3. அந்தக் கூடுதல் 88 குதிரைத்திறனும் கூடுதல் எடையை இழுப்பதிலேயே போய்விடுகிறது. டயருக்கும் பிரேக்குக்கும் வளைவில் விழுகிற பாரம் வேறு.

சுப்ராவைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. பிஎம்டபிள்யூ எஞ்சின், ஆஸ்திரியாவில் தயாரிப்பு என்று திட்டுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வரிசையாக ஆறு சிலிண்டர், பின்சக்கர இழுவை என்ற பழைய அடையாளம் அதில் அப்படியே இருக்கிறது. முதலில் ஆட்டோமேட்டிக் மட்டும் கொடுத்தார்கள், ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2022-இல் மேனுவல் கியரும் வந்தது. அந்த வகையில் ஆல்பைன் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. கிளட்சை மிதித்துக் கியர் போடுகிற வாய்ப்பை அவர்கள் கடைசிவரை தரவே இல்லை.

என்எஸ்எக்ஸ்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். எங்கள் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி டிராக்கில் என்எஸ்எக்ஸ் பந்தயக் காரை ஓட்டி ஜெயித்தபோது நாங்கள் கொண்டாடினோம். அதனால் அந்தப் பெயர் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் சாலைக் காரின் கதை வேறு. 1990-இல் வந்த முதல் என்எஸ்எக்ஸ், பாடி முழுக்க அலுமினியமாக, 1,400 கிலோவுக்குள் இருந்தது. 2016-இல் வந்ததோ இரட்டை டர்போ, மூன்று மின்மோட்டார், பேட்டரி என்று 1,700 கிலோவைத் தாண்டிவிட்டது. பொறியாளர்களின் திறமையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் முதல் காரை நேசித்தவர்கள் கேட்டது இதையல்ல. பழையது 18,000-க்கு மேல் தயாரானது. புதியது 3,000-ஐக்கூட எட்டாமல் 2022-இல் நின்றுவிட்டது. விலையும் ஒரு காரணம்தான், சரி. அந்த விலையை ஏற்றியதே இந்தச் சுமைகள்தானே?

அடுத்த ஏ110 முழு மின்சாரக் கார் என்று ஆல்பைன் சொல்லியிருக்கிறது. பேட்டரியைச் சுமந்துகொண்டு அந்த மெலிந்த உடம்பை எப்படிக் காப்பாற்றப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. அந்தக் காரைப் பற்றி நீங்கள் கட்டாயம் எழுதுவீர்கள். அப்போதாவது அட்டவணையில் குதிரைத்திறனுக்குப் பக்கத்திலேயே எடைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பழைய மாடலின் எடையையும் அதன் கீழே அச்சிட்டால் என் போன்ற வாசகர்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பீளமேடு, கோவை.