‘பிளேமேட்’ என்ற சொல் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

போன வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ‘மை பிளேமேட்’ (என் விளையாட்டுக் கூட்டாளி) என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தோம். அதற்கப்புறம் சிலர் போன் செய்தீர்கள். அந்தச் சொல்லை இணையத்தில் தேடியபோது பிள்ளைகள் பார்க்கக் கூடாத படங்கள் வந்ததாக ஒரு அம்மா மிகவும் வருத்தப்பட்டார். இன்னொருவர், ‘ஃப்ரெண்ட்’ என்று எழுதினால் போதாதா என்று கேட்டார். இரண்டுக்குமே பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் அந்தப் படங்கள். 1950களில் அமெரிக்காவில் தொடங்கிய வயதுவந்தோருக்கான பத்திரிகை ஒன்று தன் மாடல் பெண்களை இந்தப் பெயரால் அழைக்க ஆரம்பித்தது, அன்றிலிருந்து அந்தப் பொருளும் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தலைப்பைக் கொடுக்கும்போதே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது எங்கள் தவறு, மன்னியுங்கள். இனி இப்படி ஏதாவது தேட வேண்டியிருந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தேடுங்கள், அல்லது அச்சு அகராதியைக் கையில் கொடுங்கள். ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரை ‘என் பிளேமேட்’ என்று சொன்னாலும் கேட்பவர்களுக்கு வேறு மாதிரிதான் தோன்றும், அங்கே ‘ஃப்ரெண்ட்’தான் சரி. ஆனால் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லில் எந்தக் குறையும் இல்லை, அகராதிகளும் ‘சேர்ந்து விளையாடும் பிள்ளை’ என்றுதான் முதலில் பொருள் தருகின்றன.

சொல் பிறந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் ‘பிளேஃபெல்லோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘மேட்’ என்பதன் வேரைப் பார்த்தால் ஒரே இடத்தில் சேர்ந்து சாப்பிடுபவர் என்று பொருள், உணவைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து வந்தது. ‘கம்பேனியன்’ கூட லத்தீனில் ரொட்டியைப் பகிர்ந்துகொள்பவர்தான். செஸ் விளையாடும் பிள்ளைகள் ‘செக்மேட்’டில் இருப்பதும் இதே மேட்டா என்று கேட்பார்கள். இல்லை, அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல். நம்மிடமும் இதற்குச் சொல் இருக்கிறது, ‘கூட்டாளி’ என்றால் கூட்டுச் சேர்ந்தவன், சங்கப் பாடல்களில் தலைவியோடு விளையாடும் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து ‘ஆயம்’ என்றே ஒரு பெயர்.

ஃப்ரெண்ட் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஃப்ரெண்ட் என்பது மனதைப் பற்றிய சொல், பல வருடம் பார்க்காவிட்டாலும் ஒருவர் ஃப்ரெண்டாக இருக்கலாம். பிளேமேட் அப்படியில்லை, சேர்ந்து விளையாடினால்தான் அந்தச் சொல்லே பொருந்தும். வகுப்பில் பெயர் இருந்தால் கிளாஸ்மேட் ஆகிவிடலாம், அணியில் சேர்த்துக்கொண்டால் டீம்மேட் (நிறைய பிள்ளைகள் இந்த இடத்தில் பிளேமேட் என்று எழுதிவிடுகிறார்கள்), ஆனால் பிளேமேட் ஆக விளையாட்டைத் தவிர வேறு வழி கிடையாது. அண்ணன் தங்கையாக இருக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம், வீட்டு நாயைக்கூடச் சொல்லலாம். சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோழனோடு பேசி விளையாடுவார்களே, அதற்கும் ‘இமேஜினரி பிளேமேட்’ என்று பெயர் உண்டு, அது சாதாரணமாக நடப்பதுதான், பயப்பட வேண்டாம். வளர்ந்த பிறகு பழைய நாட்களை நினைத்து எழுதும்போது ‘சைல்டுஹுட் பிளேமேட்’ என்று சேர்த்து எழுதுவது வழக்கம்.

இதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லி முடித்திருக்கலாம். நோட்டுகளைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. சில பிள்ளைகள் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். ஆங்கிலம் வராமல் இல்லை, யார் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வரும் உறவுக்காரப் பிள்ளையின் பெயரை எழுதி, அடுத்த வரியிலேயே எப்போது வருவான் என்று தெரியாது என்று ஒரு குழந்தை எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932இல் பாலர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி எழுதினார். தனியாக விளையாடுவது, மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாடுவது, பிறகு பொருட்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டு விளையாடுவது, கடைசியில் சேர்ந்து திட்டம் போட்டு விளையாடுவது என்று அவர் பிரித்துக் காட்டியதை இன்றும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறோம். இந்தக் கடைசிப் படிக்கு நேரம் வேண்டும், அதே பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும், சண்டை வந்தால் அவர்களே பேசித் தீர்க்கவும் வேண்டும். நாம் நாள் குறித்து, இடம் குறித்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ‘பிளேடேட்’டில் இது கொஞ்சம்தான் கிடைக்கும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் டியூஷனும் வகுப்பும் இல்லாத ஒரு மணி நேரத்தைத் தினமும் அவர்களுக்கு விட்டுக் கொடுங்கள். யாரோடு விளையாடலாம் என்பதை மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், தயவுசெய்து.

காலியாக இருந்த பக்கங்களுக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. அவற்றை நிரப்ப இந்த மாதக் கடைசிவரை நேரம் தந்திருக்கிறோம். அதற்குள் ஒருநாள் உங்கள் சிறுவயதுக் கூட்டாளி யார், என்ன விளையாடினீர்கள், எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அதைத் தமிழில் எழுதிவந்தாலும் வாங்கிக்கொள்கிறோம், ஆங்கிலமாக்க வகுப்பில் நாங்கள் உதவுகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்