ஏறவிட்டால்தானே பேசுவது

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், ஒன்றும் தகையவில்லை. அவளுக்கு அதில் கவலை இருப்பதாகத் தெரியவில்லை, எனக்குத்தான்.

கவிதா சட்டப் படிப்பில் பழங்குடி உரிமைகளை எடுத்திருக்கிறாளா, பேஷ். 'ஐ.நா.வில் போய்ப் பேசுகிறவர்களுக்கு என்ன பயம், உலகமே பார்க்கிறதே' என்று கேட்டிருந்தாய். மேடை ஏறிவிட்டால் சரி. ஏறவிட வேண்டுமே!

2014 செப்டம்பரில் நியூயார்க்கில் பழங்குடி மக்களுக்கான உலக மாநாட்டை ஐ.நா. கூட்டியது. அதற்குக் கிளம்பிய ரோதியோன் சுல்யாந்திகா, ரஷ்யாவின் உதேகே என்ற பழங்குடி இனத்தவர், மாஸ்கோ விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைச் சோதனைக்குக் கொடுத்தார். அது கைக்குத் திரும்பி வந்தபோது அதில் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருந்தது. செல்லாத பாஸ்போர்ட் என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். ரஷ்யாவின் 'சாமி' (Sámi) என்ற பழங்குடி இனத்து வாலன்டினா சோவ்கினா நார்வே வழியாகப் போகலாமென்று காரை எடுக்கப் போனால், டயர்களைக் கிழித்து வைத்திருந்தார்கள். மாற்றிக்கொண்டு கிளம்பினால் வழியெல்லாம் டிராஃபிக் போலீஸ் நிறுத்தி நிறுத்திச் சோதனை. நடுவில் ஒருவன் கைப்பையைப் பிடுங்கப் பார்த்தான். கிரிமியாவின் தாத்தார் (Tatar) இனத்தவரான நாதிர் பெகிரோவை முகமூடி போட்டவர்கள் வழிமறித்து, பாஸ்போர்ட்டையே பறித்துக்கொண்டு போனார்கள்.

யாரையும் கைது செய்யவில்லை, போகக்கூடாது என்று உத்தரவும் இல்லை. யார்மேல் புகார் கொடுப்பது? கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

ஐ.நா. பதவியில் இருந்தவரையே விடவில்லை. பிலிப்பைன்ஸின் விக்டோரியா டவுலி-கார்பஸ் அப்போது பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர், அதாவது அந்த விஷயத்தை ஆராய்ந்து ஐ.நா.வுக்கு அறிக்கை தருகிற நிபுணராக இருந்தார். அந்நாட்டின் மிண்டனாவோ தீவில் லுமாட் என்ற பழங்குடி மக்கள் ஊரைவிட்டு விரட்டப்படுவதைப் பற்றிப் பேசினார். இரண்டே மாதத்தில், 2018 பிப்ரவரியில், பயங்கரவாதிகள் என்று அரசு கோர்ட்டில் கொடுத்த 600 பேருக்கு மேற்பட்ட பட்டியலில் அவர் பெயரும் வந்தது. பிறகு கோர்ட் நீக்கியது, அது வேறு.

இப்படிப்பட்ட பழிவாங்கல்களைப் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் வருஷாவருஷம் அறிக்கை தருகிறார். பெயர் பதிவாவது நல்லதுதான். அதற்குள் விமானம் போய்விடுகிறதே! என்னைக் கேட்டால், அழைக்கிறவர்கள் பயணத் தேதியை மற்ற நாட்டுத் தூதரகங்களுக்கு முன்கூட்டியே சொல்லி, விமான நிலையம் வரை ஓர் அதிகாரியைக் கூட அனுப்பச் சொல்லலாம். ஊர் திரும்பும்போதும்தான். கவிதா என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது.

அப்புறம், அடுத்த மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் மத்தியானம் உன் வீட்டில்தான் சாப்பாடு.

உன்,
ராமநாதன்