அவிழ்த்துவிட்ட நாய்க்கு யார் பொறுப்பு?

ஐயா,

வளர்ப்பு விலங்கால் வரும் ஆபத்தைத் தடுக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. ஆனால் அது காப்பது மனிதரை. நாய் பக்கத்து வீட்டுப் பூனையைக் குதறினால்? விலங்கைக் கொல்வதையும் முடமாக்குவதையும் தண்டிக்கும் 325-வது பிரிவில் உள்நோக்கமோ, தெரிந்தே செய்ததோ நிரூபணமாக வேண்டும். 'கை நழுவிடுச்சு சார்' என்றால் முடிந்தது. வைத்தியச் செலவுக்காக உரிமையியல் நீதிமன்றப் படி ஏறுகிறவர் எத்தனை பேர்?

பூனை கடிபட்ட இடத்தில் வெளியே சின்னத் துளைதான் தெரியும். கவ்வி உதறியதில் உள்ளே தோலும் தசையும் பிரிந்திருக்கும். ஓரிரு நாளில் சீழ் கட்டும். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடித்த நாயின் ரேபிஸ் தடுப்பூசி அட்டையும் வேண்டும்.

தெருவுக்கு நான்கைந்து அடிக் கயிறு போதும். நீளும் ரகக் கயிறு வேண்டாம். நாய் 15 அடி பாய்ந்தபின் கைப்பிடியிலுள்ள பிரேக்கை அழுத்தி என்ன பயன்? கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழைந்தால் சரி. அதற்கு மேல் தளர்ந்தால் நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும்.

நாய்க்கு உரிமம் வழங்கும் மாநகராட்சிகள், அது கடித்த பிறர் வளர்ப்புப் பிராணிக்கான வைத்தியச் செலவை நாயின் உரிமையாளரே ஏற்கும் நிபந்தனையை அதில் சேர்க்கட்டும்.

– வாசகர், சென்னை