எந்த நட்டில் கை வைக்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த எஸ்டிமேட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, "இவ்வளவு ஆகுமாம்மா? பேசாம வீடியோ பார்த்து எல்லாத்தையும் நானே செஞ்சுடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் நான் சொல்வதில் பாதிக்கு 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். காரோடு வந்த புத்தகத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு படி.

எதை நாமே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விடலாம் என்பதைப் பலரும் சுலபம், கஷ்டம் என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரேக் பேட் மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. சக்கரத்தைக் கழற்றி, பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரில் ஒன்றிரண்டு போல்ட்டைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் வேலைதான். சில கார்களில் ஹெட்லைட் பல்பு மாற்றுவது அதைவிடப் பெரும்பாடு. பம்பரைக் கழற்றினால்தான் கையே உள்ளே போகும். ஆனாலும் பல்போடு நீ நாள் முழுக்க மல்லுக்கட்டினால் எனக்குக் கவலை இல்லை. பிரேக்கில் கை வைத்தாய் என்று தெரிந்தால் தூக்கம் வராது. நான் கேட்டுப் பார்ப்பது ஒரே கேள்வி: இதில் தப்பு நேர்ந்தால் வண்டி வாசலில் கிளம்பாமல் நிற்குமா, ரோட்டில் நிற்காமல் போகுமா? முதல் ரகம் என்றால் தைரியமாக இறங்கு. இரண்டாவது ரகம் என்றால், வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காமல் தொடாதே.

இனி உன் எஸ்டிமேட்டுக்கு வருவோம்.

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டு வரியையும் கோடு போட்டு அடித்துவிடு. இதற்கெல்லாம் லேபர் கொடுக்கக் கூடாது. ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் முன்சீட்டுக்காரரின் முழங்காலுக்கு நேரே உள்ள பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியில் இருக்கிற சாமான்களை எடுத்துவிட்டு, அதன் இரண்டு பக்கச் சுவரையும் உள்ளே அமுக்கு. மொத்தப் பெட்டியும் கீழே தொங்கும். பின்னால் நீளமாக ஒரு மூடி தெரியும். அதன் ஓரத்தை அழுத்தி இழுத்தால் ஃபில்டர் வெளியே வரும். மடியில் ஒரு பழைய பேப்பரை விரித்துக்கொண்டு இழு. காய்ந்த இலை, பூச்சி இறகு, பஞ்சு பஞ்சாகச் சாம்பல் நிறத் தூசு எல்லாம் கொட்டும். ஏசி போட்டதும் மூக்கில் ஏறுகிற அந்த வாடை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும். ஃபில்டரின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், காற்று போகிற திசை அது. பழையதில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துக்கொண்டு புதியதையும் அதே மாதிரி வை, அவ்வளவுதான். இன்ஜின் ஏர் ஃபில்டர் இன்னும் லேசு. நான்கைந்து கிளிப்பைத் தட்டிவிட்டால் பெட்டி திறந்துகொள்ளும். பெட்டிக்குள் கிடக்கும் தூசு இன்ஜின் பக்கக் குழாயில் விழாமல் துடைத்தால் போதும். வைப்பர் பிளேடு பற்றி எழுதவே வேண்டாம்.

பேட்டரி வீக், மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு மல்டிமீட்டர் வாங்கி நீயே பார்த்துவிடு. இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில், காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வந்தால், ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது. அதுவே 12ஐத் தாண்டவில்லை என்றால் நீ புது பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கத்தான் போகிறது. கழற்றுகிற நாள் வந்தால் நெகட்டிவை முதலில் எடு, கடைசியில் மாட்டு. பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது.

ஆயில் மாற்றுவதைத்தான் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். பில்லைப் பிரித்துப் பார், ஆயிலும் ஃபில்டரும்தான் பெரும்பகுதி. லேபர் அதில் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடிக்க, வண்டியை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுத்து, வடிந்த நாலைந்து லிட்டர் பழைய ஆயிலையும் டப்பாவில் பிடித்து, அதை எடுத்துக்கொள்கிற இடம் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. சொந்த ஷெட் இருப்பவர்களுக்குச் சரி, மாடிக் குடியிருப்பில் இருக்கும் உனக்கு எதற்கு? இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில நேரம் அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். வாசலில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருக்கலாம். வேகம் எடுத்ததும் ஆயில் மொத்தமும் பீய்ச்சி அடித்துவிடும், இன்ஜினும் போய்விடும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட்டை பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போகும். அலுமினிய சம்ப் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஆயில் அளவு பார்ப்பது உன் வேலை, அதை யாரிடமும் விடாதே. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளக்கும் குச்சியை இழு, துடை, மறுபடி விட்டு எடு. இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் நல்லது. பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். கீழ்க்குறியைத் தொட்டால் அரை லிட்டர் ஊற்றிவிட்டு மறுபடி பார். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கையோடு கறுத்துவிடும், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் அசைந்துகொடுக்காதே. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் மட்டும் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடு, இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் உள்ளே கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. உடனே ஓரம் கட்டி அணை.

பிரேக் ஆயிலை எஸ்டிமேட்டில் பார்த்துவிட்டு, 'குறையவே இல்லையே, எதுக்கு மாத்தணும்' என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான், ஆனால் அதை விட்டுவை. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரகத்தில் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவுகோல் 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் உள்ளே ஆவி கட்டும், பெடல் பொதபொதவென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. அதனால்தான் பல கம்பெனிகளும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. இது மெக்கானிக் வேலை. உன் பங்குக்கு டப்பாவில் மட்டத்தைப் பார். அது மெல்ல மெல்ல இறங்கினால் பேட் தேய்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். திடீரென்று இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இரண்டிலும் மேலே ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

'இன்ஜின் ஃப்ளஷ்' (இன்ஜின் உள்ளே கழுவுவது), 'இன்ஜெக்டர் கிளீனிங்' (எரிபொருள் தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்வது) என்று இரண்டு வரி இருக்கிறது பார், அதற்குத்தான் புத்தகத்தை எடுத்து வைக்கச் சொன்னேன். எத்தனை கிலோமீட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று பின்பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் இந்த இரண்டும் இருந்தால் செய். இல்லையென்றால் "என் வண்டிக்கு இது ஏன் வேணும்?" என்று மரியாதையாகக் கேள். நல்ல மெக்கானிக் காரணம் சொல்வார். "எல்லாருக்கும் போடுறோம் சார்" என்று பதில் வந்தால் அடித்துவிடு. மாற்றிய பழைய பாகங்களை எடுத்து வைக்கச் சொல்லவும் கூச்சப்படாதே. வண்டிக்கு இன்னும் வாரன்டி இருந்தால், அது முடிகிறவரை கம்பெனி சொன்ன இடத்தில் சர்வீஸ் விட்டு பில்லைப் பத்திரமாக வை. அங்கே சண்டை போட்டு மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை.

இன்ஜின் விளக்கு அவ்வப்போது எரிகிறது என்றாயே, அதற்குச் சின்னதாக ஒரு கோட் ரீடர் வாங்கு, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கிற கருவி அது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் கோட் வரும். ஆனால் கோட் சொல்வது நோயின் அறிகுறியை மட்டும்தான். பி0171 என்று வந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். வீடியோ பார்க்கிறவர்கள் உடனே ஆக்சிஜன் சென்சாரை வாங்கிப் போடுவார்கள். கடைசியில் பார்த்தால் வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயாக இருக்கும். உன் அப்பாவுக்குப் பானெட் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் எந்தக் கோளாறுக்கும் எந்த ஸ்பேர் மாற்ற வேண்டும் என்று மட்டும் தயங்காமல் சொல்வார். நீ அவரைப் போல மெக்கானிக்கிடம் போய் நிற்காதே.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மெக்கானிக்கிடம் ஸ்பேர் பெயரைச் சொல்லாதே, வண்டி என்ன செய்கிறது என்று சொல். "பிரேக் டிஸ்க் மாத்துங்க" என்றால் அவர் மாற்றிக் கொடுப்பார். கோளாறு போகாவிட்டால் "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க" என்பார், அதில் தப்பும் இல்லை. "வேகமா போறப்ப பிரேக் போட்டா மட்டும் ஸ்டியரிங் உதறுது, மத்த நேரம் இல்ல" என்று சொன்னால் அவர் நேரே டிஸ்க்கைப் பார்ப்பார். பிரேக் தொடாமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறுகிறது என்றால் வீல் பேலன்ஸிங்கில் ஆரம்பிப்பார். காலையில் மட்டுமா, சூடான பிறகா, வளைவிலா, நேரிலா என்று நீ கவனித்துச் சொல்லும் ஒவ்வொன்றும் அவருடைய தேடலைக் குறைக்கும். அதுவே உன் பில்லையும் குறைக்கும். ஏர் ஃபில்டரை நீயே மாற்று என்று சொல்வதில் எனக்கு இருக்கும் ஆசையும் இதுதான். பானெட்டை அடிக்கடி திறக்கிறவனுக்குத்தான் புதுச் சத்தம், புது ஒழுகல் கண்ணில் படும். அப்புறம், கோளாறைக் கண்டுபிடிக்க மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் காசு கேட்டார் என்றால் முனகாமல் கொடு. ஸ்பேனர் பிடிக்க நிறைய பேர் இருக்கிறார்கள், சரியாகக் கண்டுபிடிக்கிறவர் குறைவு.

டயர் காற்றை வண்டி ஓடாமல் இருக்கும்போது, காலையில் பார். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்துக் காற்று அடித்துவிடாதே. அதே சுவரில் நாலு எண் இருக்கும்: 2322 என்றால் 2022ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அதைப் பார், அங்கே காற்று இருக்கிறதா என்றும் பார்.

ஜாக்கியைப் பற்றி ஒன்றே ஒன்று. ஜாக்கி சக்கரம் மாற்றத்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடாதே; ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போகிற வேலையே கிடையாது. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்து, மாட்டும்போது எதிரெதிராக முறுக்கு, 50, 100 கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு தடவை பார். சூடான ரேடியேட்டர் மூடி, ஏர்பேக், ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிற வயர் இவற்றின் பக்கமே போகாதே.

ஆக அந்த எஸ்டிமேட்டில் ஆயில், பிரேக் ஆயில், பிரேக் பேட், வீல் அலைன்மென்ட் இருக்கட்டும். பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று அளந்து காட்டச் சொல். 3க்குக் கீழே வந்திருந்தால் யோசிக்காமல் மாற்று.

எனக்கு உறுத்துவது அதில் இல்லாத ஒன்று. நீ வாங்கியது பழைய வண்டி. அதன் இன்ஜினில் இருப்பது வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைக்கிற டைமிங் பெல்ட்டா, செயினா? புத்தகத்தில் பார். பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில், எத்தனை வருஷத்தில் மாற்ற வேண்டும் என்றும் இருக்கும். முந்தைய ஓனர் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேள். பல இன்ஜின்களில் ஓடும்போது அந்த பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் மோதும், அப்புறம் இன்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். அறுவதற்கு முன் அது பெரும்பாலும் எந்தச் சத்தமும் காட்டாது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, இந்தத் தடவையே சேர்த்துச் செய்யச் சொல். மிச்சம் பிடித்த லேபர் காசெல்லாம் அதற்குப் போகட்டும். வாட்டர் பம்பை அந்த பெல்ட்டே ஓட்டுகிறது என்றால் அதையும் கூடவே மாற்றலாமா என்று கேட்டுவிடு. என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
அம்மா